புத்தாண்டுக்கு எதைத் தொடங்குவது: புத்தகமா, கைவேலையா?

வருகின்ற ஆண்டில் நல்லதொரு பொழுதுபோக்கைத் தொடங்கி, அதை டிசம்பர் வரை விடாமல் கொண்டுபோக வேண்டும் என்று எண்ணுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, படிப்பதா அல்லது எதையேனும் தம் கையால் ஆக்குவதா என்பதைத்தான். இரண்டும் நல்லவை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் இரண்டும் ஒரே வகையான நேரத்தைக் கேட்பதில்லை. ஒரே அளவு செலவு வைப்பதில்லை. இடையில் விட்டுப்போனால் இரண்டையும் ஒரே விதமாக மீட்டெடுக்கவும் முடிவதில்லை. ஆகவே குமரி மாவட்டத்தில் வேலையும் குடும்பமுமாக வாழும் ஒருவரை மனத்தில் வைத்து, வாசிப்பு, எழுத்து, ஓவியம், கைவேலை, கூட்டுக்கலை ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இத்தகைய உறுதிகள் பங்குனிக்குள் கைவிடப்படுவதற்கு விருப்பக்குறைவைக் காரணமாகச் சொல்வது வழக்கம். என் கணிப்பில், இல்லாத நேரம் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு தொடங்குவதே பெரும்பாலும் காரணம். நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் படிப்பேன் என்று எழுதிவைக்கிறவர், அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்தோ சமையலிலிருந்தோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலையிலிருந்தோ பிடுங்கியாக வேண்டும்; பிடுங்கப்பட்ட நேரம் விரைவிலேயே தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஏற்கெனவே நாளில் சும்மா கிடக்கும் நேரம் எது, அது எத்தனை நிமிடம், அப்போது வெளிச்சம் இருக்கிறதா, அருகில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்து, அந்த நேரத்துக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பவரின் உறுதி நிலைப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

இம்மாவட்டத்தில் அந்த நேரம் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபடும். ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு விடியுமுன் வேலை தொடங்கி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்தபின் பிற்பகல் பெரும்பாலும் கையில் இருக்கும்; மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில் வெட்டை நிறுத்திவைக்கும் தோட்டங்களில் முழு நாள்களே கிடைக்கும். விசைப்படகில் கடலுக்குச் செல்பவருக்கு, கிழக்குக் கடலோரமாயின் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கடலோரமாயின் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், இரண்டு மாதம் கரையிலேயே கழிகிறது. (வலையும் படகும் பழுதுபார்க்கும் வேலை அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான்.) கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் நெல் செய்பவருக்கு அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. திருவனந்தபுரத்தில் வேலை பார்த்து நாள்தோறும் ரயிலில் போய்வருகிறவருக்கோ ஆண்டு முழுவதும் காலையில் ஒரு துண்டும் மாலையில் ஒரு துண்டும் ஒரே அளவாகக் கிடைக்கின்றன. இந்த நால்வருக்கும் ஒரே பொழுதுபோக்கைப் பரிந்துரைப்பதில் பொருளில்லை.

வாசிப்பின் பெரிய வசதி, துண்டுநேரத்தையும் அது ஏற்றுக்கொள்கிறது என்பதுதான். பத்து நிமிடத்தில் நான்கைந்து பக்கம் படித்துவிட்டு மூடிவைக்கலாம்; மறுநாள் அதே இடத்தில் திறக்கலாம். ஆசிரியர் வேண்டாம், துணை வேண்டாம், கருவி என்று சொல்ல வெள்ளெழுத்து வந்தவருக்கு ஒரு கண்ணாடி போதும். செலவும் குறைவு. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகங்களுக்கென்று 1948ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. திருவிதாங்கூர்ப் பகுதியாயிருந்த குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த பின்னர் இங்கும் அந்த ஏற்பாடு வந்தது. நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகமும், சிற்றூர்களில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இருக்கின்றன. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலிக்கப்படுகிறது என்பதால், உறுப்பினராகாமல் இருப்பவர் விலை கொடுத்த பொருளைக் கடையிலேயே விட்டுவருகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களுள் அதுவே முதலிடம். படிக்கத் தெரிந்திருப்பதும் நாளும் ஒரு புத்தகத்தைத் திறப்பதும் வேறு வேறு என்பது, பாடநூல்களை விலக்கிவிட்டு வீட்டு அலமாரியைப் பார்த்தால் விளங்கும். அதனால்தான் வாசிப்பை ஓர் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த இலக்கை எப்படி அமைப்பது என்பதில் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன: ஓராண்டில் இத்தனை புத்தகம் என்று எண்ணிக்கை வைப்பது ஒன்று, ஒரே ஒரு பெரிய நூலை ஆண்டு முழுவதும் படிப்பது மற்றொன்று.

எண்ணிக்கை வழியில் பலரும் தொடங்குவது வாரம் ஒரு புத்தகம், ஆண்டுக்கு 52 என்ற கணக்கில்தான். ஒரு புத்தகம் 250 பக்கம் என்று கொண்டால், இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 பக்கம் ஆகிறது. படித்துப் பழகியவருக்கு இது ஒரு மணி நேர வேலை. பள்ளிப்படிப்புக்குப் பின் புத்தகத்தைத் தொடாதவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் என்று குறைத்துக்கொண்டாலோ ஆண்டுக்கு 3650 பக்கம், அதாவது அதே அளவுள்ள பதினான்கு நூல்கள் கிடைக்கின்றன. பதினான்கு என்பது இகழத்தக்க எண்ணன்று. எனினும் எண்ணிக்கை இலக்கில் ஒரு தொந்தரவு உண்டு: காய்ச்சலில் ஒரு வாரமும் கல்யாண வீட்டில் ஒரு வாரமும் போனால், விட்டுப்போனது கடனாக ஏறிக்கொண்டே வரும், அக்கடனைத் தீர்க்க மெலிந்த புத்தகங்களைத் தேடும் மனம் வரும், தடித்த நாவல் அலமாரியிலேயே நின்றுவிடும். ஏற்கெனவே வாசிப்புப் பழக்கம் உள்ளவர் தம்மை முடுக்கிவிட்டுக்கொள்ள எண்ணிக்கை உதவலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே நூல் என்னும் வழிக்கு, இம்மாவட்டத்தில் கண்முன்னே ஒரு நினைவூட்டல் நிற்கிறது. கன்னியாகுமரிக் கடற்பாறையில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில்தான். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்களுக்கு 95 அடிச் சிலை என்று, 133 அதிகாரங்களும் அதன் உயரத்திலேயே கணக்காகியுள்ளன. குறளை முழுவதும் ஓராண்டில் படிக்க விரும்புகிறவர் வழக்கமாக எடுக்கும் முடிவு நாளுக்கு ஒரு குறள் என்பது. ஆனால் அவ்வாறு போனால் 1330 குறளையும் முடிக்க மூன்றரை ஆண்டுக்கு மேலாகும். மூன்று நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வைத்தாலும் 399 நாள் வேண்டும். ஐந்து நாளுக்கு இரண்டு அதிகாரம் என்று வைத்துக்கொண்டால் 333 நாளில் நிறைவுறும். நோய்க்கும் விருந்துக்கும் திருவிழாவுக்குமாக ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். குறள் வேண்டாம், கதையோட்டம் வேண்டும் என்பவருக்குச் சிலப்பதிகாரம் பொருந்தும்: முப்பது காதைகள், பன்னிரண்டு நாளுக்கு ஒரு காதை, 360 நாள். இரண்டுக்கும் எளிய உரையுள்ள பதிப்பொன்றை மட்டும் வைத்துக்கொள்வது நலம். நான்கு உரைகளை விரித்துவைத்து ஒப்பிடுவது இரண்டாம் முறை படிக்கும்போது செய்ய வேண்டிய வேலை.

இந்த வழியில் இடைவெளி விழுந்தாலும் கடன் ஏறுவதில்லை. அடையாளத்துக்கு வைத்த அட்டை அங்கேயே இருக்கும். குறை என்னவென்றால், தேர்ந்த நூல் மனத்துக்கு ஒட்டாமல் போனால் ஆண்டே கசந்துவிடும். ஆகையால் நெடுநாள் படிக்காமல் இருந்தவர், பெரிய நூலுக்குள் நுழையுமுன் தை, மாசி இரண்டு மாதமும் தமக்குத் தெரிந்த நிலத்தைப் பற்றிய புனைகதைகளில் தொடங்குவது நல்லது. அவ்வகையில் குமரி மாவட்டத்தாருக்கு வாய்த்திருப்பது பிற மாவட்டத்தாருக்கு எளிதில் வாய்க்காதது. பொன்னீலன் 1994இலும், தோப்பில் முகமது மீரான் 1997இலும், நாஞ்சில் நாடன் 2010இலும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். மீரானின் எழுத்தில் தேங்காய்ப்பட்டணம் பகுதியின் கடலோர முஸ்லிம் வாழ்க்கையும், நாஞ்சில் நாடனின் எழுத்தில் வயலும் குளமுமான நாஞ்சில் நாட்டு வாழ்க்கையும் வருகின்றன. வெளியூர் வாசகர் அடிக்குறிப்பைத் தேடும் இடத்தில் நம்மவர் சிரித்துக்கொண்டே தாண்டிச் செல்வார். அந்த வேகம் புதிய வாசகருக்குப் பெரிய ஊக்கம்.

எங்கே படிப்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. ரயிலில், குறிப்பாக நாகர்கோவில், இரணியல், குழித்துறை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் காலை வண்டிகளில், உட்கார இடம் கிடைத்துவிட்டால் தடையின்றிப் படிக்கலாம். பேருந்து அப்படியன்று, வளைவும் நிறுத்தமும் மிகுந்த சாலையில் அச்செழுத்தைப் பார்த்துக்கொண்டே போனால் பலருக்குக் குமட்டல் வந்துவிடும், நின்றுகொண்டு போகிறவருக்குக் கையும் ஒழிவதில்லை. பேருந்துப் பயணியர் ஒலிநூலைக் கேட்பதே மேல். கைப்பேசியில் படிப்பவருக்கு, 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய நூல்களையும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் விலையின்றித் தருகின்றன. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ஆக்கங்களை அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் அதே கைப்பேசியில்தான் மற்ற எல்லாமும் இருக்கின்றன என்பதால், நான் அச்சுப்புத்தகத்தின் பக்கம்தான் நிற்பேன்.

இங்கே ஒரு சிறு விலகல். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரிந்து, அதன் எழுத்தை மட்டும் படிக்கத் தெரியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓராண்டு வாசிப்பு இலக்காக மலையாள எழுத்தைக் கற்பதே போதும். மொழி ஏற்கெனவே காதில் இருப்பதால் எழுத்தை மட்டும் பழகினால் போதுமானது. சித்திரைக்குள் செய்தித்தாள் தலைப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.

இனி ஆக்கும் பொழுதுபோக்குகள். இவற்றுள் எழுத்தே மிகுந்த பிடிவாதம் கொண்டது. படிப்பதைப் போல அது பத்து நிமிடத் துண்டுகளில் நடப்பதில்லை. பாதியில் விட்ட வாக்கியத்துக்குள் மறுநாள் நுழைவதற்கே பத்து நிமிடம் ஆகிவிடும். வாரத்தில் ஒரு நாளாயினும் முக்கால் மணி நேரம் தனியே அமர முடிகிறவர்தான் எழுத்தை இலக்காக்க வேண்டும். அதிலும் மூன்று தரம் உண்டு. நாட்குறிப்பு எழுதுவது எளிது. ஆனால் முதல் மாதத்துக்குப் பின் ‘இன்று விசேஷம் ஒன்றுமில்லை’ என்ற வரியே திரும்பத் திரும்ப வரும். சிறுகதை, கவிதை என்பவை நிறைய வாசித்தவருக்கே கைகூடும்; வாசிக்காமல் எழுதத் தொடங்குகிறவர் தாம் பார்த்த தொலைக்காட்சித் தொடரையே மறுபடி எழுதுவார். மூன்றாவது, குடும்பத்தின் வரலாற்றையோ ஊரின் வரலாற்றையோ எழுதிவைப்பது. முதலிரண்டைவிட இதைத்தான் நான் வலியுறுத்துவேன்.

அதற்குக் காலம் நெருக்குவதும் ஒரு காரணம். இணைப்பு நடந்த 1956இல் பத்து வயதில் இருந்தவர் இன்று எண்பதை எட்டுகிறார். திருவிதாங்கூர் ஆட்சிக்காலத்துப் பள்ளிக்கூடத்தையும் பணத்தையும் பஞ்சத்தையும் நேரில் கண்டு சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஏலா எனப்படும் வயல்வெளியின் பெயர், குளத்தின் பெயர், ஒவ்வொரு விளைக்கும் (தோட்டத்துக்கும்) அந்தப் பெயர் எப்படி வந்தது, எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்து குடியேறியது, பெரிய மழையில் எந்த வரப்பு உடைந்தது என்பனவெல்லாம் எழுத எழுதப் பெருகும். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய ஆதாரங்களும், அதாவது சொத்துப் பத்திரங்களும், உதவும். அவற்றில் திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு இருக்குமாதலால், ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்கு 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரையுள்ள தேதிகளுக்கு 825ஐயும் கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். இணைப்பு நடந்த நாள் கொல்லம் 1132இல் வருகிறது. வாரம் ஒரு பக்கம் எழுதினால் ஆண்டு முடிவில் 52 பக்கம் சேரும். அதை ஒளிநகல் எடுத்து உறவினர் நால்வருக்குக் கொடுக்கலாம். கற்பனைத் திறன் குறைவென்று தயங்குகிறவரும் இதைச் செய்ய முடியும் என்பது இதன் தனிச்சிறப்பு.

ஓவியம் இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும் பொழுதுபோக்கு அது ஒன்றுதான். ஜனவரியில் வரைந்த நாற்காலியையும் ஏப்ரலில் வரைந்த அதே நாற்காலியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும், யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. படித்த புத்தகம் நம்மை எவ்வளவு மாற்றியது என்று அவ்வளவு திட்டமாக யாரும் காட்டிவிட முடியாது. தொடங்குவதற்கு 2பி, 4பி பென்சில்கள், ஓர் அழிப்பான், கோடில்லாத தடித்த நோட்டு ஆகியவை போதும். இருபது நிமிடம் கிடைத்தால் ஒரு படம் முடியும் என்பதால், வாசிப்புக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அது கேட்கிறது என்று கொள்ளலாம்.

ஆனால் அதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டியபின் வீடு திரும்புகிறவருக்கு வார நாள்களில் மின்விளக்கின் கீழ் பாத்திரங்களையும் பழங்களையும் வரைவதே கதி. வெளியே சென்று வரைய விரும்புகிறவர் இம்மாவட்டத்தின் வானிலையைக் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கு பெய்கின்றன என்பது உழவருக்கு நல்லது, நீர்வண்ணக்காரருக்குத் தொல்லை. ஈரக்காற்றில் ஒரு பூச்சு உலர்வதற்குள் பொறுமை போய்விடும், அடுக்கிவைத்த தாளில் பூஞ்சையும் பிடிக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போகும். அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பது வீணுக்கில்லை. ஆகவே வெளிப்புற ஓவியத்துக்குத் தையிலிருந்து பங்குனி வரையே ஏற்ற காலம். ஜனவரியில் தொடங்குவது இவ்வொரு பொழுதுபோக்குக்கு மட்டும் உண்மையிலேயே பொருத்தமாக அமைகிறது.

எதை வரைவது என்று கேட்டால், கன்னியாகுமரிச் சூரிய உதயத்தைத் தவிர எதையும் வரையலாம் என்பேன். அந்தக் காட்சியில் கோடு இல்லை, நிறம் மட்டுமே இருக்கிறது; அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் நிறம். தொடக்கக்காரர் அதில் கற்பது குறைவு. கோடு பழக வேண்டுமானால் சிதறால் மலைமேல் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களின் முன் அமரலாம். பகல் வெளிச்சம் தாராளமாக விழும், உருவம் அசையாது, நிழல் தெளிவாக இருக்கும். பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் மேற்கூரையில் மரத்தில் செதுக்கிய பூக்கள், ஒன்றைப்போல் ஒன்று இராமல், வடிவம் பயில்வதற்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்ணத்துக்குப் போவதானால் மெலிந்த தாளை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள நீர்வண்ணத் தாளே நனைந்தால் சுருளாமல் நிற்கும். தூரிகை இரண்டு போதும். வண்ணப்பெட்டி சிறியதாகவே இருக்கட்டும். தாளுக்கே அதிகம் செலவிட வேண்டும்.

கைவேலைகளில் குமரி மாவட்டத்துக்கென்று ஒரு மரபு உண்டு. நாகர்கோவிலில் லேஸ் என்றும் ரேந்தை என்றும் சொல்லப்படும் நூற்பின்னல், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மிஷன் ஊழியர்களின் மனைவியர் நடத்திய பெண்கள் பள்ளிகளின் வழியே பரவியது. முளகுமூட்டில் 1897இல் வந்து தங்கிய பெல்ஜியக் கன்னியரின் மடமும் பின்னல் வேலையைக் கற்பித்தது. இன்றும் பல ஊர்களில் மூத்த பெண்களுக்கு அந்தக் கை தெரியும். ஒரு குரோஷா ஊசியும் ஒரு நூலுருண்டையும் இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து பழகலாம். செலவு ஓவியத்தைவிடக் குறைவு. இதன் நேர அமைப்பும் விசித்திரமானது. கை மட்டும் வேலை செய்கிறது, காது ஒழிந்திருக்கிறது. ஆகவே ஒலிநூல் கேட்டுக்கொண்டோ, பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டோ பின்னலாம். குக்கர் சத்தம் வரும் வரையிலான நேரத்திலும் ஒரு வரிசை முடியும். இடையில் எத்தனை முறை எழுந்து போனாலும் கண்ணி நழுவாமல் ஊசியோடு வைத்துவிட்டால் போதும். குறை என்று சொன்னால், கொடுக்கப்பட்ட மாதிரியையே திரும்பச் செய்துகொண்டிருப்பது ஆக்கமாகுமா என்ற கேள்வி. முதல் ஆண்டில் அந்தக் கேள்வி எழ வேண்டியதில்லை. கை பழகிய பின்னரே மாதிரியை மாற்றும் துணிவு வரும்.

பனை ஓலை முடைவதும் இத்தகையதே. குருத்தோலை ஞாயிற்றன்று ஓலையில் சிலுவை மடிக்கப் பழகிய சிறுவர் பலருக்கும் அதன் முதற்பாடம் தெரிந்திருக்கும். ஓலையைக் கீறி, ஈரம் ஏற்றி, காய்வதற்குள் முடைந்துவிட வேண்டுமாதலால் நினைத்த நேரத்தில் எடுத்து வைக்கும் வேலையன்று. ஓலை கிடைப்பதும் பனையேறுவோர் அருகில் உள்ள ஊர்களில்தான். கடவமும் பெட்டியும் முடையத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒளிப்படம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கருவி எல்லார் பையிலும் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருசேரக் காணக் கன்னியாகுமரியில் கூடும் கூட்டத்தில் கைப்பேசி உயர்த்தாதவர் அரிது. எடுத்த நூறு படத்திலிருந்து தொண்ணூற்றொன்பதை அழிக்கும் மனம் உள்ளவருக்கே இது பொழுதுபோக்காகும்.

கூட்டுக்கலைகளை மற்றவற்றோடு நேராக ஒப்பிட முடியாது. வில்லுப்பாட்டுக்கு வில்லும் வீசுகோலும் மட்டும் போதாது. குடத்துக்கும் உடுக்கைக்கும் தாளத்துக்கும் ஆள் வேண்டும், அவர்கள் எல்லாருக்கும் ஒரே மாலை ஒழிய வேண்டும். கோலடித்து ஆடும் களியலும் தேவாலயப் பாடகர் குழுவும் அவ்வாறே. இதுவே இவற்றின் இடையூறு, இதுவே இவற்றின் பலமும்கூட. தனியாகச் செய்வதைத் தள்ளிப்போடும் மனம், நான்கு பேர் காத்திருக்கும்போது கிளம்பிவிடும். தனி ஒழுங்கு தம்மிடம் இல்லை என்று அறிந்தவர், படிப்பதையும் வரைவதையும் விட்டுவிட்டு நேரே இங்கே வருவது நல்லது. இரவுப்பணி, மாறும் பணி நேரம் உள்ளவருக்கு இது ஒத்துவராது. வீணை, வயலின் போன்றவற்றைப் புதிதாகக் கற்க விரும்புகிறவர், ஓராண்டு என்பது அடிப்படைப் பயிற்சிக்கே சரியாக இருக்கும் என்று தெரிந்து தொடங்க வேண்டும். புத்தாண்டு இலக்காக அவை மிகச் சிறிய கால அளவில் மாட்டிக்கொள்கின்றன.

இரண்டை இணைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வாசிப்பும் கைவேலையும் இணையும். வாசிப்பும் ஓவியமும் இணையும். ஏனென்றால் அவை கேட்கும் நேரம் வேறு வேறு. எழுத்தையும் ஓவியத்தையும் ஒரே ஆண்டில் புதிதாகத் தொடங்குவது மட்டும் வேண்டாம். இரண்டும் விடுமுறை நாளின் அதே காலைப்பொழுதைத்தான் கேட்கும். ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

தேர்வு தவறிப்போனால் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. குமரி மாவட்டத்தார் ஜனவரியோடு நிற்பவர்கள் அல்லர். சித்திரை முதல் நாள் கனி காண்கிறோம். ஆவணியில் கொல்லம் ஆண்டு பிறக்கிறது. விஜயதசமியன்று பிள்ளைகளுக்கு ஏடு தொடங்குகிறோம். ஜனவரியில் எடுத்ததைச் சித்திரையில் ஒருமுறை சோதித்து, முந்தைய மாதத்தில் பாதி நாள்கூட அதைத் தொடவில்லை என்றால் தயக்கமின்றி வேறொன்றுக்கு மாறிவிடலாம். ஆவணியில் மீண்டும் பார்க்கலாம். ஒன்றைப் புதிதாகக் கற்கத் தொடங்குவதற்கு, குறிப்பாக இசைக்கும் எழுத்துக்கும், விஜயதசமி ஜனவரியைவிடப் பொருந்தும். ஆசிரியர்கள் புது மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் நாளும் அதுவே.

இவ்வளவையும் வைத்து முடிவெடுப்பதானால், ரயிலில் நாள்தோறும் போய்வருகிறவருக்கு ஒரே பெரிய நூல் என்னும் வழியை நான் தயங்காமல் சொல்வேன். ரப்பர் வெட்டுகிறவருக்குப் பிற்பகல் வெளிச்சம் இருப்பதால் ஓவியம் பொருந்தும். வெட்டு நடக்காத மழை நாளுக்கென்று நூலகப் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கடலுக்குப் போகிறவர் ஜனவரியை விட்டுவிட்டுத் தடைக்காலத்தையே தம் புத்தாண்டாகக் கொண்டு, ஊர்க் குழுவில் களியலோ வில்லோ பழகலாம். அந்த இரண்டு மாதத்தில் மற்ற படகுக்காரர்களும் கரையில் இருப்பார்கள் என்பதால் குழு சேர்வது எளிது. வீட்டு வேலை முழுவதையும் தம் தலைமேல் வைத்திருக்கும் பெண்களுக்குத்தான் நேரம் மிகச் சிறிய துண்டுகளாகக் கிடைக்கிறது. அவர்களுக்குப் பின்னலும் ஒலிநூலும் சேர்ந்த ஏற்பாட்டைவிடப் பொருத்தமானது எனக்குத் தென்படவில்லை. ஆனால் அதைவிட முதலில், அவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தை முழுசாக ஒழித்துக் கொடுப்பது வீட்டில் உள்ள மற்றவர்களின் புத்தாண்டு உறுதியாக இருக்கலாம்.

பணி ஓய்வு பெற்றவருக்குக் குடும்ப வரலாறுதான். தொடர்ந்து கிடைக்கும் நேரமும், ஆதாரப் பெட்டியும், பேசுவதற்கு மூத்தவர்களும் அவர்களிடமே இருக்கிறார்கள். கேள்விகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, அன்றைக்கே எழுத்தாக்கிவிடுவது நல்லது. பதிவு மட்டும் செய்துவைத்தால் அது அங்கேயே கிடக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் சுசீந்திரம் மார்கழித் திருவிழாவுக்கும் வந்த உறவினர்கள் ஊர் திரும்புவதற்குள் முதல் உரையாடலை முடித்துவிட்டால், விட்டுப்போன பெயர்களைக் கேட்டு நிரப்பவும் ஆள் இருப்பார்கள்.